நாற்பது மரம், இரண்டு சில்வண்டு

12 ஜூன் 1988: பெரியது 31, சின்னது 36
12 ஜூன் 1998: பெரியது 33, சின்னது 35
12 ஜூன் 2008: பெரியது 30, சின்னது 17
12 ஜூன் 2018: பெரியது 32, சின்னது 0

இவை சில்வண்டு கத்திய மரங்களின் எண்ணிக்கை, என் நோட்டிலிருந்து பத்து வருடத்துக்கு ஒன்றாக. மரக்கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த நான், கிடங்குக்குப் பின்னால் தொடங்கும் காட்டில் நாற்பது மரங்களுக்கு எண் போட்டேன். வருடம் தவறாமல் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நிமிடம் நின்று, எந்தச் சில்வண்டு கத்துகிறது என்று குறித்துவந்தேன். செய்யச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.

பெரியது கறுப்பு, கட்டைவிரல் நீளம், அடிமரத்தில் உட்கார்ந்து ரம்பம் அறுப்பதுபோல் கரகரக்கும். சின்னது பச்சை, நக அளவு, உச்சி இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு ஊசிபோல் மெல்லிசாக இழுக்கும். கண்ணில் படாது. ‘இதற்குக் காது ஒன்றே சாட்சி’ என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, இரண்டு அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

சின்னது பூஜ்யமானதும் வருத்தம்தான். பெருமை அதைவிட அதிகம். ஓர் இனம் அழிந்ததை முதலில் கண்டவன் நான்! வன ஆராய்ச்சி நிலையத்துக்குப் பதினான்கு பக்கம் எழுதினேன். நேரில் சரிபார்த்துவிட்டு ஆண்டறிக்கையில் அச்சிடுவதாகப் பதில் வந்தது. முப்பது வருட உழைப்பு அச்சேறுமா என்று தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றேன்.

“என்னங்க, எது செத்துப்போச்சுன்னு எழுதினீங்க?” என்றாள் மனைவி.

“பச்சை வண்டு.”

“அது காலையிலேருந்து காதைக் கிழிக்குதே!”

“அது பெரியது. உனக்கு வித்தியாசம் தெரியாது.”

“சரிங்க, நிபுணரே. உங்க கைக்கடிகாரத்துல அலாரம் அஞ்சு நிமிஷமா கத்துது. அதுவும் பெரிய வண்டுதானா?”

கடிகாரத்தைக் காதோடு ஒட்டிவைத்தேன். சத்தமே இல்லை. ‘கடிகாரம் பழுது’ என்று தேதியோடு குறித்துக்கொண்டேன்.

நிலையத்தார் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து போனபின் கடிதம் எழுதினார்கள்: ‘பெரியது 32. உங்கள் கணக்கு ஒரு மரம்கூடப் பிசகவில்லை. சின்னது 36. வயதாகும்போது மெல்லிய கூர்மையான ஒலிகளே முதலில் கேட்காமல் போகும். பெரியதன் கணக்கை முழுவதும், சின்னதன் கணக்கை 1998 வரையிலும் அச்சிடுகிறோம். இனிமேல் வீட்டில் நல்ல காதுள்ள ஒருவரைக் கூட்டிச் செல்லவும்.’

இப்போது மனைவியும் வருகிறாள். “இருக்கு” என்கிறாள், எழுதிக்கொள்கிறேன். சரிபார்க்க எனக்கு வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நோட்டில் ‘இனம் அழிந்தது’ என்ற வரியை அடித்துவிட்டு எதிரே திருத்தம் எழுதியிருக்கிறேன்: கடிகாரம் நலம். குமாஸ்தாவின் காது பழுது. கடிதம் கிடைத்த நாள்: 9 ஆகஸ்ட் 2018.