கையெழுத்து விழாத சிவப்பு

ரத்தினசாமிக்கு வயது எழுபத்தொன்று. மண்ணரையில் ஒரு பனியன் பிரிண்டிங் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் கலர் மாஸ்டராக இருந்தவர். சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் துண்டுத் துணியில் என்ன நிறமோ, அதே நிறத்தைக் கலந்து காட்டுவது அவர் வேலை. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் புரியும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எனக்கு உண்டு என்பதால் காலை வேளைக்கு என்னை வைத்துக்கொண்டார்கள்.

அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரி நிறையப் பழைய தகரப் பொம்மைகள். சாவி கொடுத்தால் மேளம் அடிக்கும் கரடி, வாத்து, ரயில், பஸ் என்று நாற்பத்திரண்டு. பழைய சாமான் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. நிறம் உதிர்ந்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. கை நன்றாக இருந்தவரை எனாமல் பெயிண்ட் கலந்து உதிர்ந்த இடத்தை மட்டும் தொட்டு வைப்பார். அந்த நிறத்தை ஒரு நோட்டிலும் தீட்டி, கம்பெனி வழக்கப்படி பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விடுவார். பையர் கையெழுத்துப் போடாத நிறம் அந்தத் தொழிலில் முடிந்த நிறம் ஆகாது. அவருடைய நோட்டில் ஒரு கையெழுத்தும் இல்லை.

"வெவரம் தெரிஞ்ச ஒருத்தரு பாத்து, இதுக்கு மதிப்பு இருக்குதுன்னு சொல்லோணுங்க" என்பார். மற்றபடி அவருக்கு எந்த ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை.

மகன் சிவபிரகாஷ் கோயம்புத்தூரிலிருந்து மாதவன் என்பவரை அழைத்துவந்தான். பழைய பொம்மைகளை வாங்கிச் சேர்ப்பவர். அன்றைக்கு ரத்தினசாமி இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டும் என்றுவிட்டார்.

மாதவன் நீல வெளிச்சம் அடிக்கும் டார்ச்சை எடுத்து வாத்தின் மேல் காட்டினார். முதுகில் ஒரு திட்டு தனியாகத் தெரிந்தது.

"புதுப் பெயிண்ட்டுங்களா?"

"நாந்தானுங்க வெச்சேன்."

"பழைய பொம்மைக்குப் பழைய பெயிண்ட்டுக்குத்தானுங்க வெல. உதுந்தா உதுந்தபடியே உட்டரோணும். தொட்டா போச்சுங்க."

"கேட்டீங்களா?" என்றார் மனைவி ஜானகியம்மாள். "காசு குடுத்து வாங்கி, பெயிண்ட்டுக்கும் காசு குடுத்துக் கெடுத்திருக்கறீங்க." சொல்லிக்கொண்டே கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

ரத்தினசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவைத்தார்.

மாதவன் டார்ச்சை அணைத்துவிட்டு வாத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இப்ப எந்த எடம்னே தெரியலீங்களே. இருவது வருசமா இதே பொழப்பா இருக்கறேன். டார்ச் இல்லீன்னா ஏமாந்திருப்பேனுங்க."

"நோட்டு" என்றார் ரத்தினசாமி.

ஜானகியம்மாள் எடுத்துவந்தார். கையெழுத்து விஷயத்தை அவர் சொன்னபோது மாதவன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பொம்மையாக வெளிச்சத்தில் பார்த்து, நோட்டில் அதன் நிறத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. டீ ஆடை கட்டிவிட்டது.

கடைசியாக உள்ளங்கை அளவில் ஒரு சிவப்பு பஸ். கூரையில் நிறம் உதிர்ந்து தகரம் தெரிந்தது. நோட்டில் அதற்குப் பதினாலு சிவப்பு தீட்டி, பதினாலையும் ரத்தினசாமியே அடித்திருந்தார்.

மாதவன் குரலே மாறிவிட்டது. "இதத் தொடவே இல்லீங்களா? பதினெட்டாயிரம் தர்றேன், குடுங்க."

"குடுக்க முடியாதுங்க. ஷேடு இன்னும் சேரல."

"அப்பா, சேராததுனாலதான் அதுக்கு வெல" என்றான் சிவபிரகாஷ்.

"முடியாத சரக்க வெளிய அனுப்பறதா கண்ணு?"

மாதவன் வற்புறுத்தவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சேந்துதுன்னா கூப்புடுங்க, கையெழுத்துப் போட வர்றேன்" என்றார்.

"அப்ப அதுக்கும் வெல இருக்காதுங்களே?" என்றான் சிவபிரகாஷ்.

"இருக்காதுங்க தம்பி."

அவர் போனதும் ரத்தினசாமி பெயிண்ட் டப்பாக்களைக் கேட்டார். மூடிகள் இறுகிக் கிடந்தன. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்து, பிரஷ்ஷை இடது கையில் கொடுத்தேன்.