‘லைக்’ வந்தால் மட்டும் போதாது

எங்கள் குடியிருப்போர் சங்கம் கன்னட மாநில நாளான ராஜ்யோத்சவத்துக்கு ஒரு வினாடி வினா நடத்தும். அதற்கான விதிகளை எழுதியவன் நான். ஓய்வுபெற்ற அரசு அதிகாரிக்கு வேறென்ன பொழுதுபோக்கு? யாரும் அவற்றைப் படித்ததில்லை. விதிகளின் தலைவிதி அது.

சென்ற ஆண்டு எங்கள் தெரு அணியில் என் மனைவியும் இருந்தாள். கொள்ளேகாலத்தில் கன்னட வழியில் படித்தவள். அணித்தலைவர், முன்னாள் வங்கி மேலாளர், முதலிலேயே சொல்லிவிட்டார்.

“இங்கிலீஷ் கேள்வி வந்தா நீங்க சும்மா இருங்கம்மா. தப்பாச்சுன்னா அடுத்த வருஷம் டீம்ல வெச்சுக்க மாட்டாங்க.”

கடைசிச் சுற்றில் இரண்டு அணிகளும் சமம். கேள்வி கேட்டவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். “‘தி பாய் லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்.’ சிமிலியா, மெடஃபரா?” அதாவது உவமையா, உருவகமா.

தலைவர் யோசிப்பதற்குள் என் மனைவி மணியை அடித்துவிட்டாள். “ரெண்டும் இல்லீங்க.”

“தப்பு. ‘லைக்’ வந்தா சிமிலி.” பேராசிரியர் அடுத்த அட்டையை எடுத்தார். தலைவர் அவளைப் பார்த்த பார்வையில் அவளுடைய அடுத்த ஆண்டு முடிந்துபோயிருந்தது.

நான் எழுந்தேன். “அடுத்த கேள்வியை வாசிக்கும் முன் ஆட்சேபணை வந்தால் விளக்கம் கேட்டே ஆக வேண்டும். விதியில் இருக்கிறது.” இருந்தது. யாரும் சரிபார்க்கவில்லை.

மைக்கைக் கொண்டுவந்து நீட்டியவர் பேராசிரியரின் மகன். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏனுங்க சார், தம்பி உங்களாட்டவே இருக்காருங்களே. இது நெசமுங்களா, அலங்காரமுங்களா?”

“ஹௌதம்மா, நெஜந்தான். அதே மூக்கு.”

“அப்பறம் இதுல சிமிலி எங்கிருந்து வந்துச்சுங்க? அப்பன் சாடை மகனுக்கு வந்திருக்கு, அவ்வளவுதானுங்க. நீங்க சிங்கமாட்டம்னு சொன்னா சிமிலி. நீங்க சிங்கமேன்னு சொன்னா மெடஃபர்.”

பின்வரிசையிலிருந்து பேராசிரியரின் மனைவி சொன்னார்: “மூக்கு மட்டும்தான் நெஜம். சிங்கம் வீட்ல எப்படி இருக்குன்னு வந்து நோடுங்க.”

மண்டபம் சிரித்து அடங்க நேரமாயிற்று. பேராசிரியரும் சிரித்தார். கொஞ்சம் யோசித்தார். “அவங்க சொன்னதுதான் சரி” என்று மைக்கிலேயே ஒப்புக்கொண்டார். தாம் சொன்ன விடையை மைக்கில் திருத்திய பேராசிரியரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்ததும் ஆங்கிலக் கேள்வி. தலைவர் மணியை அவள் பக்கம் நகர்த்தினார். “நீங்களே பாத்துக்கங்கம்மா.”

பார்த்துக்கொண்டாள். கோப்பை எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வாரம்தோறும் துடைப்பது நான்.