உப்பு பூத்த படகுகள்

ஈரக் களிமண் நகக்கண்ணில் காய்ந்து இறுகும்போது ஒரு பிடிப்பு தெரியுமே, இப்போது நினைத்தாலும் அது என் விரல் நுனிகளில் வருகிறது. கடலூர் முதுநகரில் நான் ஐந்தாவது படித்தபோது, சிதம்பரத்தில் நடந்த கைவேலைக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு "குரூப்" போனது. சின்னதும் பெரிசுமாக மூன்று வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பது விதி. எட்டாவது படித்த செல்வி அக்கா பெரிய அட்டையில் கடல் வரைந்தாள். ஒன்றாவது வாண்டு அந்தோணி கட்டைவிரலைச் சாயத்தில் தோய்த்து மீன்களாக ஒற்றினான். நான் களிமண்ணில் படகுகள் செய்தேன்.

எங்கள் பள்ளி எட்டாவதோடு சரி. அதுவரை படித்துக் கிழித்ததே போதும் என்றிருந்த செல்வி அக்காவின் அப்பா, "கப்பு வாங்கியாந்தா ஒம்பதாவது பாக்கலாம்" என்று மட்டும் இறங்கி வந்திருந்தார்.

குளத்துக் களிமண் எடுக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். குளம் தூரம் என்று, வீட்டுக்குப் பின்னால் ஓடிய உப்பனாற்றங்கரையிலேயே நான் அள்ளிவிட்டேன். காயக் காயப் படகுகள்மேல் வெள்ளையாக உப்பு பூத்தது. ஈரத்துணியால் துடைத்தால் மறையும், காய்ந்தால் மறுபடி வரும். செல்வி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கோ, வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரே குஷி. உள்ளேயிருக்கும் உப்பு எந்த வழியாக வெளியே வருகிறது என்று நக்கிக்கூடப் பார்த்தேன்.

சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் படகுகள் திரும்பவும் வெளுத்திருந்தன. நடுவராக வந்த அம்மையார் எங்கள் மேசையருகே வெகுநேரம் நின்று, கடலுக்குப் போய் வந்த படகு மாதிரியே இருக்கிறதே, இது யார் யோசனை, என்ன பெயின்ட் என்று கேட்டார். செல்வி அக்கா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பெயின்ட்டே அடிக்கல மிஸ். உப்பனாத்து மண்ணு, அதுவா பூக்குது. தொடச்சா போயிடும், திரும்ப வரும்."

அவர் சிரித்து, இதை அறிவியல் கண்காட்சியில் வைத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். கப்பும் அந்த மேசைக்கே போனது. "தவள தன் வாயால கெடும்" என்றாள் என் அம்மா. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது செல்வி அக்கா எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

அந்தப் பள்ளி இப்போது இல்லை, ஆற்றங்கரையையும் கல் போட்டு அடைத்துவிட்டார்கள். என் மகளின் "புராஜெக்ட்"டுக்குக் களிமண் பாக்கெட்டில் வருகிறது. அது எந்த ஊர் மண் என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் கடலூர் பேருந்து நிலையத்தில் செல்வி அக்காவைப் பார்த்தேன். மகள் காலேஜ் சேர்ந்த கதையெல்லாம் சொல்லி முடித்தாள். இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன், என்மேல் கோபமா என்று.

"கோவம் என்னா கோவம், நெசத்ததான சொன்ன" என்றாள். பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்காவ ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாண்டி."