தப்பான விடைக்கு நான் வைத்த சத்தம்

திருப்பதியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் செல்போனிலேயே படித்துப் பத்தாவது தேர்வு எழுதுவதற்குப் பாடங்கள் தயாரிக்கிறோம். கணக்குப் பாடம் என் பொறுப்பு. தப்பாக விடை சொன்னால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அதை வைத்தவள் நான்தான். கேள்விக்கு முப்பது நொடி கெடு வைத்தவளும் நான்தான்; கெடு தாண்டினாலும் அதே சத்தம்தான். கொஞ்சம் பதற்றம் இருந்தால்தான் கவனம் நிற்கும் என்று கூட்டத்தில் பெரிய மேதாவி மாதிரிப் பேசினேன். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் பதற்றத்தை அளந்து கொடுப்பது சுலபம்.

என் அக்கா ஆந்திர எல்லையோரத்துப் பாலசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே அங்கன்வாடியில் உதவியாளர். பிள்ளைகளுக்குச் சமைப்பாள், கால் கழுவி விடுவாள். டீச்சர் ஓய்வு பெறப் போகிறார். பத்தாவது தேறியிருந்தால் அந்த இடம் அக்காவுக்குக் கிடைக்கும். அவளை ஒன்பதாவதோடு நிறுத்தினார்கள், என்னைப் படிக்க வைத்தார்கள். அந்த உறுத்தலில் நானே எங்கள் பாடத்தை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

"நீ பண்ணதா? அப்போ பாஸ்தான் போ" என்றாள்.

சில மாதங்களில், பலர் நான்காம் பாடத்தோடு நின்றுவிட்டது அலுவலகத்தில் தெரிந்தது. ஏன் என்று மேலாளர் கேட்டார். படித்தவர்கள் போட்டதில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து நட்சத்திரம் விழுந்திருந்தது. அதைக் காட்டி, "பாடத்தில் குறையில்லை சார், அவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். நின்றுபோனவர்களின் பட்டியலைத் திறந்து பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்குப் போனபோதுதான் அக்காவும் நிறுத்திவிட்டாள் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. என் முன்னால் ஒரு பாடம் போடச் சொன்னேன். அவள் வீட்டில் தெருப்பக்கத்து ஜன்னலில் வைத்தால்தான் சிக்னல் வரும். ஜன்னலுக்கு நேர் எதிரே ஊர்க்காரர்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் இடம். கேள்வி தெலுங்கில் வந்தது. அக்கா தமிழில் படித்தவள். தெலுங்கு நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். வாசித்து, மனதுக்குள் தமிழாக்கி, விரலில் எண்ணி, நிமிர்ந்து விடையைச் சொன்னாள். டொய்ங். பால் கேனோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சொன்ன விடை சரி. ஆனால் அதற்குள் முப்பது நொடி முடிந்துவிட்டிருந்தது.

"சத்தத்தைக் கொறைச்சா?"

"பாடம் சொல்றதும் கேக்காம பூடுமே. தெனம் பாலு ஊத்த வர்ரவங்க அல்லாரும் கேட்டுக்கினு நிக்கிறாங்க. மானம் போவுது."

"அப்புறம் எதுக்கு அஞ்சு ஸ்டார் போட்டே?"

"இன்னாடி கேக்கறே? நம்ம வூட்டுப் பொண்ணு பண்ணதுக்குக் கொறைச்சிப் போடுவாங்களா?"

எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போன இடத்தில் குழம்பு உப்புக் கரித்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் கை கழுவுவோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அது தெரிந்தும் நட்சத்திரங்களை நம்பினேன். ஆர்வம் இல்லையென்று நான் சொன்னது அவளையும் சேர்த்துத்தான். அன்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

திரும்பி வந்து சண்டை போட்டுச் சத்தத்தை எடுக்க வைத்தேன், கெடுவை எடுக்க வைத்தேன், கேள்விகளைத் தமிழிலும் போட வைத்தேன். அதற்குள் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் போய்விட்டது. டீச்சர் வேலைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

ஆனாலும் விடாமல், புதுப் பாடத்தைக் காட்ட அங்கன்வாடிக்கே போனேன். அக்கா சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி தவறிக் கீழே விழுந்தது. தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை "டொய்ங்" என்றது. உடனே வரிசை முழுக்க "டொய்ங், டொய்ங்" என்று கத்திச் சிரித்தது. அம்மாக்களோடு பால் ஊற்ற வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள்.

நான் போனை நீட்டினேன். "அக்கா, சத்தத்தை எடுத்துட்டேன்."

அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "போன்ல எடுத்துட்டே. இதுங்க வாயிலேர்ந்து எப்டிடி எடுப்பே?"

பிறகு அடுத்த பிள்ளையின் தட்டில் சாதம் போட்டாள்.