தாமதத்திற்கான காரணம்: மழை

என் சித்தி நகரப் பேருந்து ஓட்டுநர். பதினான்கு வருடங்களாகப் பதினேழாம் எண் வண்டியை ஓட்டுகிறார். குடியிருப்பது எங்கள் வீட்டு மாடி அறையில். அவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட என் அம்மா முதலில் கேலி செய்வார், பிறகுதான் மாத்திரை தருவார்.

போன வருடம் மழைக்காலம் முடிந்ததும் நடந்த உடல் தகுதிச் சோதனையில் சித்திக்கு ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று மருத்துவர் எழுதிவிட்டார். அடுத்த வருடச் சோதனையிலும் இப்படியே இருந்தால் நிரந்தரமாக அலுவலக வேலைதான்.

"ஸ்டியரிங் பிடிச்ச கையில பேனாவைக் குடுத்துட்டாங்கக்கா" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அன்று சாப்பிடாமல் மாடிக்குப் போனார்.

பணிமனையில் சித்தியை நேரக்காப்பாளரின் அறையில் உட்கார வைத்தார்கள். ஓட்டுநர்கள் எழுதித் தரும் பயணத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், சாலை ஈரமா உலர்ந்ததா, தாமதத்திற்கான காரணம் என்று அதில் கட்டங்கள் இருக்கும். காரணக் கட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'நெரிசல்' என்று எழுதியிருந்தார்கள். விடுமுறை நாளின் காலை ஐந்து மணி வண்டிக்கும் அதே நெரிசல்.

"அஞ்சு மணிக்கு ரோட்டுல யாருங்க இருந்தா, காக்காயா?" என்று நேரக்காப்பாளரிடம் கேட்டுச் சிரித்த சித்திக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவரிடமும் ஒரு நோட்டு இருந்தது. தினமும் காலையில் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நடந்த நாளுக்கு ஒரு கோடு. நடக்காத நாளுக்குக் காரணம். மழைக்காலப் பக்கங்களில் முப்பத்தொரு இடத்தில் 'மழை' என்று இருந்தது. மறுநாள் அந்த நோட்டை எடுத்துப்போய், அதே தேதிகளில் தான் எழுதிக் கொடுத்திருந்த பயணத் தாள்களோடு ஒப்பிட்டார். காலையில் சாலை ஈரமாக இருந்தது பதினொரு நாள்தான். மற்ற இருபது நாளும், அவருடைய கையெழுத்திலேயே, 'உலர்ந்தது'.

மாலையில் நேராக எங்கள் சமையலறைக்கு வந்தார்.

"அக்கா, நான் பொய் சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"என்கிட்டயேதான்."

"இது என்ன புதுசா? பல்லு விளக்காமலே விளக்கிட்டேன்னு கண்ணாடியைப் பாத்துச் சொன்னவதானே நீ!"

சித்தி நோட்டைத் திறந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு 'மழை'க்குப் பக்கத்திலும் நினைவுக்கு வந்த உண்மையைச் சிவப்பு மையில் எழுதினார். 'போர்வை சூடாக இருந்தது.' 'அக்காவோடு சண்டை.' 'முந்தின நாள் அக்கா பொரித்ததை நிறையத் தின்று வயிறு மந்தம்.' பல இடங்களில் 'ஷூ காயவில்லை'. ஒரு நாள் பெய்த மழை, ஈர ஷூவின் பெயரால் மூன்று நாளைத் தின்றிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "என் பேரை ஏண்டி இழுக்குறே?"

"தாள்ல பொய் எழுதக்கூடாதுக்கா."

மூன்று மாதம் கழித்து, அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும், வண்டியைத் திரும்பக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே சித்தி அந்தச் சிவப்பு வரிகளைப் படித்துத் தயாராகிவிட்டார். இரண்டாவது ஜோடி ஷூ வந்தது. நனைந்த ஜோடிக்குள் பழைய செய்தித்தாள் திணிக்கப்பட்டது. அம்மாவின் எண்ணெய்ச் சட்டி வாரத்துக்கு ஒருமுறைதான் அடுப்பேறியது. கொட்டும் மழையில் பணிமனைக்கு முன்கூட்டியே போய், கூரைக்கடியில் நிற்கும் பேருந்துகளுக்கு நடுவே நடந்தார்.

"டிரைவரம்மா, வண்டியை எங்க நிறுத்தினோம்னு மறந்துட்டீங்களா?" என்று நடத்துநர் கத்துவார்.

"வண்டி எடுக்கும்போது டயரைத் தட்டிப் பாக்குறோம்ல? இது என் டயருங்க!"

தவறாமல் நடந்தார் என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரத்தில் ஐந்து நாள் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நோட்டோடு உட்கார்ந்து, 'வெறுப்பு. வேறு காரணம் இல்லை' என்று எழுதினார். திங்கட்கிழமை நடக்கப் போனார். எனக்கு அவரைப் பற்றிப் பெருமை வந்தது சோதனை நாளில் அல்ல, அந்தத் திங்கட்கிழமைதான்.

சோதனையில் மருத்துவர் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சித்தி தகுதிச் சீட்டைச் சமையலறை மேசையில் வைத்தார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

மறுநாள் காலை, ஒரு வேலையும் இல்லாமல், அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பதினேழில் ஏறினார். முன் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம், அவர் கேட்காமலே, "ஓட்டுறது என் தங்கச்சி" என்றார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அம்மா ஓட்டுநர் இருக்கைக்குப் போனார்.

"சரி, மழை முடிஞ்சுது. வெயிலுக்கு என்ன சாக்கு வெச்சிருக்கே?"

"இருந்த சாக்கையெல்லாம் போன வெயிலுக்கே நோட்டுல எழுதித் தீத்துட்டேன். நேத்துதான் படிச்சுப் பாத்தேன்" என்றார் சித்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி. "இறங்குக்கா. வண்டி லேட்டாச்சுன்னா உன் பேரைத்தான் எழுதணும்."