செலியமேட்டு வழியில் ஓர் ஆலமரம்

தை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். நானும் என் மனைவி அனெக்கேயும். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இருக்கும் செலியமேடு எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். தனியாகப் போனால் எனக்கு அரை மணி நேரம். அனெக்கே பின்னால் உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அனெக்கே நெதர்லாந்துக்காரி. அங்கே நகரத்துக்குள் டிராம் வண்டி ஓட்டியவள். இங்கே ஊர் சுற்ற வந்தபோது வாடகை சைக்கிளின் செயின் அறுந்து என் மெக்கானிக் கடைக்கு வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சம். போன வருடம் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டோம். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பல வருடம் தண்டவாளத்தின் மேலேயே வண்டி ஓட்டியவள் என்பதாலோ என்னவோ, இப்போது நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தச் சொல்கிறாள். ஓர் ஆட்டைப் பார்த்தால் போதும், என் தோளில் தட்டுவாள். "மூர்த்தி, நில்லு."

மாலையில் பாகூர் ஏரியில் பறவை பார்ப்பது அவளுடைய திட்டம். என் திட்டம் வேறு. செலியமேட்டில் என் அக்கா இருக்கிறாள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நம்ம வூட்ல வந்து அவ இன்னாடா பண்ணுவா?" ஒரு வருடம் கழித்து மாமாதான் சாப்பிடக் கூப்பிட்டார். இன்று அக்கா இவளை வீட்டு ஆளாக நடத்துவாளா, இல்லை நாற்காலி போட்டு உட்காரவைத்து விருந்தாளியாக அனுப்பிவிடுவாளா? வண்டி ஓட்டிய நேரமெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான்.

சங்கராபரணி ஆற்றைத் தாண்டியதும் முதல் நிறுத்தம். ஆற்றுமணலில் நாலைந்து எருமைகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் உண்ணிக்கொக்கு. அனெக்கே கழுத்தில் மாட்டியிருந்த பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். பத்தடி தூரத்தில் நிற்கும் எருமையை எதற்குப் பைனாகுலரில் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "கண் இமை முடி தெரியுது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வயதில் எருமைக்கு இவ்வளவு நீளமான இமைமுடி உண்டு என்று நான் பார்த்ததில்லை.

மங்கலம் தாண்டி அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு வயல் முழுக்க வாத்து. கையில் நீளமான கழியோடு ஓர் ஆள் வரப்பில் நின்றார்.

"ராத்திரி இது எல்லாம் எங்க தூங்குது?" என்று அனெக்கே கேட்டாள்.

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தமிழ் பேசுதேபா! வலை கட்டி உள்ள வுட்டுடுவோம்மா. முட்டய அங்கியே போட்டுடும்."

"உங்க வூடு?"

"எனக்கும் அந்த வலை பக்கத்துலதான். வாத்துக்கு எது வூடோ அதான் எனக்கும்."

பிறகு வழி நெடுகக் கொம்பில் வர்ணம் பூசிய மாடுகள். பொங்கலுக்கு அடித்த நீலமும் சிவப்பும் இன்னும் உதிரவில்லை. அனெக்கேயின் ஊரில் மாடு என்றால் வேலிக்குள் நிற்குமாம், காதில் மஞ்சள் வில்லை தொங்குமாம், ரோட்டுக்கு வராதாம். இங்கே ஒரு பசு தானாகவே ரோட்டைக் கடந்து, தானாகவே ஒரு வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து அவளுக்கு அப்படி ஒரு ஆச்சரியம். "அதுக்கு வீடு தெரியுது!" என்றாள்.

கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஒரு பனைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள். அங்கே கொஞ்ச நேரம். அதனால்தான் அடுத்த மரத்தில் அவள் அப்படிக் கேட்டாள் என்று நினைக்கிறேன். செலியமேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சாலையோரம் பெரிய ஆலமரம் ஒன்று இருக்கிறது. அதன் கிளைகளில் உரச்சாக்கு மூட்டைகளும் வைக்கோல் சுற்றிய பொட்டலங்களும் தொங்கும். சில புதியவை, சில வெயிலில் காய்ந்து கிழிந்தவை.

"மூர்த்தி, நில்லு. இது எந்தப் பறவை?"

நான் வண்டியை நிறுத்தினேன். ஆனால் வாய் வரவில்லை. அக்கம் பக்கத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். "பறவை இல்ல. மாட்டுது" என்றேன்.

"மாடு கூடு கட்டுதா?"

மரத்தடியில் ஒரு டீக்கடை. பன்னிரண்டு ரூபாய் டீ. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பெரிய சத்தமாகச் சிரித்துவிட்டார். "யோவ், சொல்லேன்யா. இதுக்குப் போயி வெக்கப்படற. கன்னுக்குட்டி பொறந்த பின்னாடி வருமேம்மா, கொடி. நஞ்சுக்கொடி. அத்த மூட்ட கட்டி ஆலமரத்துல தொங்க வுடுவோம்."

அனெக்கேவுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. அவள் என்னையே பார்த்தாள். கடைசியில் என் வயிற்றைத் தொட்டு, கையை அசைத்து, நான்தான் விளக்க வேண்டியதாயிற்று. காது சுட்டது. புரிந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கேள்வி மேல் கேள்வி. ஏன் புதைக்கவில்லை? ஏன் இந்த மரம்?

"கீழ கெடந்தா நாய் இஸ்துகினு பூடும்" என்றார் டீக்காரர். "மாடே கூட தின்னுடும். அப்புறம் மாட்டுக்கு ஆவாது. ஆலமரம் பால் மரமாச்சே, இதுல கட்னா பால் கொறையாது."

"நிஜமா கொறையாதா?"

"கட்டாம வுட்டுப் பாத்தவன் எவனும் இல்லமா."

எட்டேகாலுக்கு அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வாசலில் யாரும் இல்லை. பின்பக்கம் மாட்டுக்கொட்டகையில் சத்தம். அக்காவின் சிவப்புக் கிடேரிக்கு வலி எடுத்துவிட்டது. தலையீத்து, முதல் கன்று. மாமாவோ கரும்பு வெட்டு வயலில் இருந்தார். லோடு ஏற்ற டிராக்டர் வந்துவிட்டதால் நகர முடியாது என்று போனில் சொல்லிவிட்டாராம். அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாக நின்றாள்.

என்னைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு. என் பின்னால் அனெக்கேயைப் பார்த்ததும் முகம் இறுகியது. அனெக்கே கும்பிட்டாள். அப்புறம் பழக்க தோஷத்தில், கொட்டகைக்குள் நிற்கும் கிடேரியைப் பார்க்கப் பைனாகுலரைத் தூக்கினாள்.

"டேய், அத்த எடுக்கச் சொல்றா!" என்று அக்கா கத்தினாள். "தலையீத்து மாடு. வெறுங்கண்ணு பட்டாலே ஆவாது, இதுல கண்ணாடிக் கண்ணு வேற. அந்தம்மாவ அப்பால போயி உக்கார சொல்லு."

வந்த காரியம் கெட்டது என்று நினைத்தேன். அக்காவிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அனெக்கேயை அழைத்துப் போய் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "கண்ணு படும்னு சொல்றா. தப்பா எடுத்துக்காத" என்றேன். அவள் பைனாகுலரைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டாள். "நான் முதுகு காட்டி உட்காரட்டுமா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்த நாய் ஒன்று அவள் காலடியில் வந்து படுத்தது.

பத்து மணி வாக்கில் கன்று விழுந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கிடேரிக் கன்று. நானும் அக்காவும் இழுத்தோம், துடைத்தோம். தாய் நக்கிக்கொடுத்தது. ஆனால் கொடி விழவில்லை. பாதி வந்து தொங்கிக்கொண்டே இருந்தது. அது விழும் வரை யாராவது பக்கத்தில் காவல் இருக்க வேண்டும். கொடி தங்கிவிட்டால் மாட்டுக்கு ஆபத்து என்பதால் மாட்டு டாக்டருக்கும் போன் செய்தோம். கையை விட்டு இழுத்துவிடாதீர்கள், மாலைக்குள் விழாவிட்டால் வருகிறேன் என்றார்.

பதினொன்று, பன்னிரண்டு.  அக்கா இரண்டு முறை வைக்கோல் போர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. மாட்டுக்கு ஒன்று ஆகிவிட்டால், காலம் முழுக்க அது அனெக்கேயின் கணக்கில்தான் சேரும். எந்த விருந்தும் அதைத் துடைக்காது.

ஒரு மணிக்கு மேல் பசுவுக்குத் தவிட்டுக் கஞ்சி காய்ச்ச அக்கா அடுப்படிக்குப் போனாள். "கண்ண எடுக்காம பாத்துக்கோ" என்றாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது கன்று தடுமாறி எழுந்து, நாலு எட்டு வைத்து, சாணக்குழியில் சரிந்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கி நிமிர்வதற்குள் பின்னால் பொத்தென்று கொடி விழுந்த சத்தம்.

வைக்கோல் போரடியில் படுத்திருந்த நாய்தான் முதலில் எழுந்தது. எனக்கு முன்னால் கன்று, இரண்டு கையும் அதன் வயிற்றுக்கு அடியில். பசுவும் கழுத்தைத் திருப்பிவிட்டது. கத்த வாய் திறந்தேன். அதற்குள் அனெக்கே நாயைத் தாண்டி ஓடி வந்தாள். குனிந்தாள். இரண்டு கையாலும் அதை அள்ளித் தூக்கிக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாய் குதித்தது. அவள் தோளில் ஒரு துணிப்பை இருந்தது. அவள் ஊரில் வாங்கியது, வெள்ளைத் துணியில் கறுப்பு வெள்ளை மாட்டுப்படம் போட்டது. ஒரு கையால் உயரத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையால் பையிலிருந்த புதுப்புடவையை வைக்கோல் மேல் உதறினாள். கொடியைப் பைக்குள் விட்டாள்.

அக்கா தவிட்டுச் சட்டியோடு வந்து நின்றாள். முழங்கை வரை ரத்தமும் சளியுமாக அனெக்கே. பையை நாய்க்கு எட்டாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"ஆலமரம்" என்றாள் அனெக்கே, மூச்சு வாங்க. "பால் மரம். நாய் வேணாம்."

அக்கா சட்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பையில் இருந்த மாட்டைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்தியும் அடங்காமல் சிரித்தாள்.

"ஏய், இன்னா அப்டியே நிக்கற? கை வலிக்கப் போவுது. அத்த ஆணில மாட்டிட்டு வா, கைய கழுவு." பிறகு வைக்கோலில் கிடந்ததைக் காட்டி, "இந்தப் புடவ யாருக்கு?"

"உனக்குத்தான்க்கா" என்றேன்.

"அதச் சொல்லல நீ!"

மதியம் வெயிலில் நானும் அனெக்கேயும் ஆலமரத்துக்குப் போனோம். டீக்கடை மூடியிருந்தது. வேறு சாக்கில் மாற்றிக் கட்டலாமே என்று அக்காவிடம் கேட்டிருந்தேன். கட்டினதை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஏறி நின்றேன், அனெக்கே என் காலைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றை அவள் கொடுக்க, எட்டின கிளையில் கட்டினேன். கிளையில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. பைனாகுலர் இல்லாமலேயே அதன் நீலம் தெரிந்தது.

சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான் நடந்தது. நாற்காலி யாரும் போடவில்லை. அக்கா அவளைத் தரையில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னா இது, கோழி கொத்தற மாரி சாப்புடற" என்று அதட்டிச் சோறு போட்டாள். வெல்லம் போட்டுக் கிண்டிய சீம்பாலைக் கிண்ணத்தில் கொடுத்தாள். அனெக்கே என்னைப் பார்த்து, "மூர்த்தி, இது பாலா? சீஸா?" என்று கேட்டாள்.

"புருஷன பேர் சொல்லிக் கூப்புடறா பாரு" என்றாள் அக்கா. "நான் முப்பது வருஷமா உங்க மாமாவ 'இந்தாங்க'ன்னுதான் கூப்புடறேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டார்." அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்த மாமா, கரும்புச் சோகை ஒட்டிய தலையை அசைத்து ஒத்துக்கொண்டார்.

கிளம்பும்போது விளக்கு வைக்கும் நேரம். அக்கா உப்பும் மிளகாயும் கையில் எடுத்துக் கன்றுக்கும் பசுவுக்கும் சுற்றினாள். அதோடு முடிந்தது என்று வண்டிப் பக்கம் திரும்பினேன்.

"எங்கடா போற? அவள உக்கார சொல்லு."

அனெக்கேயைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, மூன்று முறை சுற்றி, அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது.

"இவளுக்கு எதுக்குக்கா?"

"தெருவுல ஒரு கண்ணு பாக்கி இல்லாம இன்னிக்கு இவளத்தான பாத்துச்சு" என்றாள் அக்கா. பிறகு என் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த பைனாகுலரை எடுத்து, தலைகீழாகக் கண்ணில் வைத்தாள். "எங்கயோ தூரத்துல இருக்குதேடா கன்னு" என்றாள். அனெக்கே அதைத் திருப்பிப் பிடித்துக் காட்டினாள். அக்கா கன்றையே வெகுநேரம் பார்த்தாள். அதற்கும் நீளமான இமைமுடி இருந்திருக்க வேண்டும்.

பாகூர் ஏரிக்கு அன்று போகவில்லை. ஏரிக்கு அடையப் போகும் கொக்குகள் மட்டும் எங்கள் தலைக்கு மேல் போயின. ஆலமரத்தடியில் டீக்கடை திறந்திருந்தது. நாலைந்து பேர் அண்ணாந்து நின்றார்கள். டீக்காரர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்.

"இன்னாபா இது, மாட்டுப்படம் போட்ட பை? எவனோ பால் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குக் கட்டிட்டானான்னு பேசிகினு இருக்கோம். யார் வூட்டுது?"

அக்கா வீட்டுது என்று சொல்ல நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். எனக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் பின்னாலிருந்து பதில் போய்விட்டது.

"எங்க வூட்டுது" என்றாள் அனெக்கே.

அவள் ஊரில் மாட்டுக்குக் காதில் வில்லை இருக்கிறது. யாருடைய மாடு என்று அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இங்கே மாடு தானாகவே வீட்டுக்குள் நுழைகிறது, அவ்வளவுதான். டீ குடிக்காமல் வண்டியைக் கிளப்பினேன். வில்லியனூர் வரும் வரைக்கும் அவள் என்னை ஓரிடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை.