காலியாகத் தெரிந்த ஆறு தட்டுகள்

உள்ளங்கை அகலத்தில் வட்டமான பிளாஸ்டிக் தட்டு. உள்ளே ஜெல்லி மாதிரி ஒன்று ஊற்றியிருக்கும். அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கிருமி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷம் குடுவை கழுவியவள் நான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பெரிய படிப்புக்காரர்கள். "மார்னிங் ஆன்டி" என்பார்கள். அதற்கு மேல் பேச அவர்களுக்கு நேரமில்லை, எனக்கும் வாய் வராது.

நான் டாக்டர் என்று கூப்பிட்டவர் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் அங்கே ஆராய்ச்சி செய்ய வந்தவர். முப்பது வயதிருக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் தனியாக இருந்தார். நான் கிள்ளானில் தனியாக. குடுவை கழுவும் இடத்துக்குப் பின்னால் நான் மதியம் சாப்பிடும் சின்ன அறைக்கு ஒருநாள் வந்து, "உக்காரலாமாக்கா?" என்று கேட்டார். நான்கு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன் பிறகு தினமும் வந்தார்.

ரொம்ப நாள் மனதிலேயே வைத்திருந்துவிட்டு ஒருநாள் கேட்டேன். "அந்தத் தட்டுல அப்படி என்னதான் தேடுறீங்க டாக்டர்?"

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மீகூன் நூடுல்ஸில் ஓர் இழையை முள்கரண்டியால் தூக்கினார். "இந்தக் கரண்டிய ஒரு மெஷின்னு வச்சுக்குங்க. கிருமிக்குள்ள டிஎன்ஏ மேல ஓடிக்கிட்டே, அதுல இருக்கற சேதியப் பாத்து எழுதும். எழுதின இழை இப்படிப் பின்னால தொங்கும். சேதி முடிஞ்சா நிக்கணும்ல? சில இடத்துல தானா நிக்கும். சில இடத்துல ரோன்னு ஒரு புரதம் அந்த இழையைப் பிடிச்சுக்கிட்டு, துரத்திப் போய், மெஷினைக் கழட்டிவிட்டாத்தான் நிக்கும்."

"எட்டிப் பிடிக்க முடியாட்டி?"

"அதுக்கும் ஆள் இருக்கு. ஒரு புரதம் மெஷினைக் கொஞ்சம் தயங்க வைக்கும். இன்னொண்ணு ரோவுக்குக் கை குடுக்கும்."

"யாருமே நிப்பாட்டலன்னா?"

"பக்கத்துச் சேதியையும் சேத்து எழுதிக்கிட்டே போகும்."

"எங்க பக்கத்து வீட்டு ஆன்டி மாதிரி லா," என்றேன். அவருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஒருத்தரைச் சிரிக்க வைத்து எனக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ரோவைக் கொஞ்சம் கெடுத்து வைத்திருப்பதாகவும், அப்படியும் தப்பிப் பிழைக்கிற கிருமி ஒன்றிரண்டு கிடைத்தால் போதும் என்றும் அன்றைக்குச் சொன்னார். "ஆனா ஆமை மாதிரிதான்க்கா வளரும். ஆறேழு நாள்கூட ஆகும்." இதையும் என்னிடம்தான் சொன்னார்.

தீபாவளி லீவுக்கு முன் கிருமி வளர்க்கும் பெட்டியைச் சுத்தம் செய்வது என் வேலை. டேப் ஒட்டிய தட்டுகளைத் தொடக்கூடாது. மற்றவை மஞ்சள் பையில் போய், பெரிய குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோக்ளேவில் அவிய வேண்டும். அன்றைக்கு டாக்டர் காய்ச்சலோடு சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய ஆறு தட்டுகளில் டேப் இல்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது அவருடைய தட்டடுக்கு சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

ஆட்டோக்ளேவ் ஓட ஆரம்பித்துக் கால்மணி நேரம் கழித்துத்தான் 'ஆமை மாதிரி' என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அழுத்தம் இறங்கும் வரை அந்தக் கதவைத் திறக்க முடியாது. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

லீவு முடிந்து வந்தவர் தன் தட்டடுக்கு காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு நேராக மஞ்சள் பையை நோக்கிப் போனார். தட்டுகள் உருகி ஒரே கட்டியாகியிருந்தன. தட்டுகளின் மேல் அவர் எழுதியிருந்த பச்சை மை அதில் இழுபட்டுக் கிடந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காய்ந்த குடுவையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான புரொபசர் கத்தினார். அந்தக் கிருமிகளை இன்னும் குளிர்பெட்டியில் சேமித்து வைக்கவில்லை; மறுபடி முதலிலிருந்து தொடங்க மாதக்கணக்கில் ஆகும். அவற்றைக் காட்டித்தான் டாக்டரின் ஒப்பந்தத்தை நீட்டிக் கேட்க வேண்டியிருந்தது. "நான்தான் தூக்கிப் போட்டேன்," என்று டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். துடைப்பத்தோடு கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். உள்ளே இரண்டு எட்டு வைத்துச் சொல்லியிருந்தால் போதும்.

ஒப்பந்தம் நீளவில்லை. மிச்சமிருந்த இரண்டு மாதமும் அவர் மதியம் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிள்ளானிலிருந்து ரயிலில் வரும்போது தினமும் ஒரு பேச்சைத் தயார் செய்வேன். இறங்கும்போது அது இருக்காது.

அவர் கிளம்பிய அன்று பிரிக்பீல்ட்ஸ் அறைக்குப் போனேன். பெட்டிகள் கட்டி முடித்திருந்தார். எனக்குத் தேநீர் போட்டுத் தந்தார். நான் குடித்து முடித்ததும், "அக்கா, என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"ரயிலுக்கு நேரமாச்சு டாக்டர்," என்றேன்.

அப்போது மதியம் இரண்டு மணி. கிள்ளானுக்கு ராத்திரி வரைக்கும் ரயில் உண்டு. அது அவருக்கும் தெரியும். "சரிக்கா" என்று சொல்லி, என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தார்.

இப்போது நான் வேலைக்குப் போவதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவரிடமிருந்து போனில் ஒரு விளக்குப் படம் வரும். நானும் ஒரு விளக்கு அனுப்புவேன். அழைத்துப் பேசியதில்லை. எடுக்கமாட்டாரோ என்ற பயமில்லை எனக்கு. முதல் மணியிலேயே எடுப்பார், எடுத்துவிட்டு நான் பேசட்டும் என்று காத்திருப்பார்.